ஜூரிக்கு முன் நிற்காத ஜாம்பவான்கள்

ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரியும். உள்ளே தரையெங்கும் ஃபோம் போர்டு துணுக்கு, விரலெங்கும் ஃபெவிக்விக். காலையில் ஜூரி. நான்கு பேர் உட்கார்ந்து மாடலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, இதுல கான்செப்ட் எங்கே?" என்பார்கள். மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பதுதான் அந்தப் பெண்ணிடம் அப்போது மிச்சமிருக்கும் ஒரே கான்செப்ட்.

'நாட்டா' நுழைவுத் தேர்வு, ஐந்து வருஷ பி.ஆர்க்., அது முடியும்போது "எனக்குக் கட்டடத்தைவிட அதைச் சுத்தி இருக்கிற மண்ணும் மரமும்தான் பிடிச்சிருக்கு" என்று ஒரு ஞானோதயம், அதற்காக லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் மேலும் இரண்டு வருஷம். இவ்வளவும் முடித்துவிட்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் சித்தப்பா விசாரிப்பார்: "ஓ, தோட்டக்கலையா? நம்ம மொட்டை மாடியில ரோஜா பூக்கவே மாட்டேங்குது. சாப்பிட்டுட்டு வந்து கொஞ்சம் பாரேன்."

இந்தப் பிள்ளைகள் ஹிஸ்டரி பேப்பருக்காக உருப்போடுகிறார்களே சில மகா மேதைகள், அவர்கள் எல்லாம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்? கொஞ்சம் கிளறிப் பார்த்தால் மயக்கம் வருகிறது. பாதிப் பேர் வாசல் பக்கமே வரவில்லை. பின்பக்கச் சுவரேறிக் குதித்தவர்கள். ஒருவர் நிஜமாகவே கேட் ஏறிக் குதித்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சர் ஜான் வான்பரோ. இங்கிலாந்துக்காரர். பயோடேட்டாவைப் பாருங்கள். பட்டாளத்தில் இருந்தார். பிரான்ஸில் பிடிபட்டு நான்கு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார், அதில் கொஞ்ச காலம் பாஸ்டில் கோட்டையிலேயே. வெளியே வந்து நாடகம் எழுதினார். இன்றைக்கு என்றால் 'ஏ' சர்டிபிகேட் கொடுக்கும் ரகம். பார்த்த பாதிரிமார்கள் கொதித்தார்கள். கட்டடக்கலை அனுபவம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு.

1699இல் கார்லைல் பிரபு தனக்கொரு அரண்மனை கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார். நம்மவர் அவருடைய கிளப் சிநேகிதர். அவ்வளவுதான் தகுதி! ஒரு செங்கல் சுவர்கூட எழுப்பிப் பார்க்காத நாடக ஆசிரியருக்கு முதல் பிராஜெக்டே அரண்மனை. விளைவு, காஸில் ஹோவர்ட். இங்கிலாந்தின் மிக அழகான மாளிகைகளில் ஒன்று என்று இன்றைக்கும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். வயிற்றெரிச்சல் என்றால் இதுதான்.

அவசரப்பட்டு வயிறெரிய வேண்டாம். எந்தத் தூண் எந்த உத்தரத்தைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தை ஒழுங்காக வரைந்து கொடுத்தவர் நிக்கலஸ் ஹாக்ஸ்மூர். அந்தக் காலத்துப் பெரிய ஆர்க்கிடெக்ட் கிறிஸ்டபர் ரென்னிடம் வருஷக்கணக்கில் தொழில் பழகியவர். இன்றும் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு ஹாக்ஸ்மூர் இருக்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோகேட் முன்னால் டீ குடித்துக்கொண்டிருப்பார். வாசல் போர்டில் அவர் பெயர் இருக்காது.

அடுத்து வான்பரோவுக்கு அடித்தது ஜாக்பாட். 1704இல் பிளென்ஹைம் போர்க்களத்தில் பிரெஞ்சுப் படையைத் துவைத்து எடுத்த மார்ல்பரோ பிரபுவுக்கு, தேசத்தின் நன்றிக்கடனாக ஓர் அரண்மனை கட்டித் தருவது என்று முடிவாயிற்று. பிரபு சண்டையில் பிஸி. ஆகவே சைட்டைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி சாரா. சாராவுக்கு வேண்டியிருந்தது வசதியாகக் குடியிருக்க ஒரு வீடு, அதைக் கட்ட கிறிஸ்டபர் ரென். கிடைத்ததோ ஒரு நினைவுச் சின்னம், அதைக் கட்ட ஒரு நாடக ஆசிரியர். கிளையன்டுக்கும் ஆர்க்கிடெக்ட்டுக்கும் நடந்த எல்லாச் சண்டைகளுக்கும் இதைக் கொள்ளுப்பாட்டி என்று சொல்லலாம்.

சண்டையின் உச்சம் ஒரு பாலம். அரண்மனைக்கு எதிரே அகலமான ஒரு பள்ளம். அதன் அடியில் கிளைம் என்றொரு ஓடை, வேட்டியை மடித்துக் கட்டினால் தாண்டிவிடலாம். அதற்கு மேலே வான்பரோ எழுப்பியது ரோமாபுரிச் சக்கரவர்த்திகளே கொஞ்சம் அடக்கி வாசிக்கலாமே என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரு ராட்சதப் பாலம். அதன் வயிற்றுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள்! பாலத்துக்குள் அறை எதற்கு என்று நீங்கள் கேட்கிறீர்கள். சாராவும் அதையேதான் கேட்டார். ஒவ்வோர் அறையாக எண்ணிப் பார்த்து, கடிதத்தில் எழுதிப் புலம்பினார். கீழே ஓடையோ தன் பாட்டுக்கு, இந்த வம்பில் எனக்குச் சம்பந்தமில்லை என்று ஓடிக்கொண்டிருந்தது.

1716இல் வான்பரோ கோபித்துக்கொண்டு வெளியேறினார். 1725இல், தான் கட்டிய அரண்மனையை ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துவிடலாம் என்று மனைவியோடும் நண்பர்களோடும் வந்தார். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அம்மா உத்தரவு: இந்த ஆளை உள்ளே விடாதே. கூட வந்த பிரமுகர்கள் எல்லாம் உள்ளே போய் ரசிக்க, பிளென்ஹைம் அரண்மனையின் ஆர்க்கிடெக்ட் பார்க் மதில் மேலாக எட்டிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் இறந்தும் போனார்.

கதை இங்கே முடியவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து லான்ஸலாட் பிரவுன் வருகிறார். கிராமத்துப் பையன், தோட்ட வேலையில் தொடங்கியவர். எந்தப் பிரபுவின் நிலத்தைப் பார்த்தாலும் "இதற்கு நல்ல கேப்பபிலிடி இருக்கிறது பிரபுவே" என்பார். எந்த நிலத்தைப் பார்த்தாலும் இதைச் சொல்லும் ஆட்கள் நம் ரியல் எஸ்டேட்டிலும் உண்டு. ஆனால் அவர்களை யாரும் 'கேப்பபிலிடி பிரவுன்' என்று பாடப்புத்தகத்தில் போடுவதில்லை.

பிரவுன் பள்ளத்தைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். பாலம் பெரிதாகிவிட்டது, அதைச் சின்னதாக்க முடியாது; சரி, ஓடையைப் பெரிதாக்கிவிட்டால்? அணை கட்டி ஓடையை மறித்தார். தண்ணீர் ஏறியது. பள்ளம் ஏரியாயிற்று. வான்பரோவின் அறைகளில் கீழே இருந்தவை ஒவ்வொன்றாக ஜலசமாதி அடைந்தன. பாலத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போன பிறகுதான், அட, பாலம் எவ்வளவு அம்சமாக இருக்கிறது என்று உலகத்துக்கே தெரிந்தது! ஆர்க்கிடெக்ட் செய்த அட்டகாசத்தைத் திருத்த லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுக்கு இன்றுவரை இதைவிடச் சிறந்த உத்தி கிடைக்கவில்லை: பாதியை மூழ்கடித்துவிடு.

சில ஆண்டுகளுக்கு முன் பராமரிப்புக்காக ஏரித் தண்ணீரைக் குறைத்தார்கள். முங்கிக் கிடந்த அறைகள் வெளியே வந்தன. உள்ளே சுவரில் 1760களில் யாரோ கிறுக்கி வைத்த எழுத்துகள். ஏரி நிரம்புவதற்குள் வந்து சுவரில் கிறுக்கிவிட்டுப் போக யாருக்கோ நேரம் இருந்திருக்கிறது. மாமல்லபுரம் குகையில் 'ராஜா லவ்ஸ் மாலா' எழுதுபவர்களை இனி நாம் மட்டும் தனியாகத் திட்ட வேண்டியதில்லை.

பிரவுன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எஸ்டேட்டுகளைப் புரட்டிப் போட்டார். நேர்க்கோட்டுச் சாலை மரங்களை வெட்டினார், மேட்டைப் பள்ளமாக்கினார், பள்ளத்தை மேடாக்கினார், முடிவில் எல்லாம் இயற்கையாக இருப்பதாக ஊர் நம்பியது. அவர் காலத்து ரசிகர் ஒருவர், பிரவுனுக்கு முன்பே நான் செத்துப்போக வேண்டும், சொர்க்கத்தில் இவர் கை வைப்பதற்குள் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றாராம்.

பிரவுன் போனதும் காலியான நாற்காலியில் துண்டு போட்டவர் ஹம்ஃப்ரி ரெப்டன். துணி வியாபாரம் செய்தார், நஷ்டம். வேறு சிலதும் செய்து பார்த்தார், கையில் காசு கரைந்தது. 1788இல், 36 வயதில், ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு படுத்தவர், விடியும்போது 'லேண்ட்ஸ்கேப் கார்டனர்' ஆகிவிட்டார். படிப்பு, பயிற்சி, இன்டர்ன்ஷிப் எல்லாம் அந்த ஒரு ராத்திரியிலேயே முடிந்தது. எழுந்ததும் தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டு, விசிட்டிங் கார்டும் அச்சடித்தார்.

ஆனால் மனிதர் கையில் ஒரு வித்தை இருந்தது. அழகாக வாட்டர்கலர் வரைவார். ஒவ்வொரு கிளையன்டுக்கும் சிவப்புத் தோல் அட்டை போட்ட ஒரு புத்தகம் தயாரிப்பார். அதில் உங்கள் எஸ்டேட்டின் படம். படத்தின் மேல் ஒரு மடிப்புத் தாள் ஒட்டியிருக்கும். மடிப்பு மூடியிருந்தால் இப்போதைய நிலைமை: சோகையான புல்வெளி, கோணல் வேலி. மடிப்பைத் தூக்கினால் ரெப்டன் கைவைத்த பின்: ஏரி, மான், மேகம்கூட மேலும் வெள்ளையாக. போட்டோஷாப் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே ஒரு மனிதர் கோந்தும் கத்திரியும் வைத்து 'பிஃபோர் - ஆஃப்டர்' போட்டிருக்கிறார்.

தன் சொந்தக் குடிசையையும் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரியும் தெருவை வரைந்திருக்கிறார். 'பிஃபோர்' படத்தில் எதிரே கசாப்புக் கடை, கொக்கியில் இறைச்சி தொங்குகிறது; வேலியருகே ஒற்றைக்கால் பிச்சைக்காரர் தொப்பியை நீட்டுகிறார். மடிப்பைத் தூக்குங்கள். கடை இருந்த இடத்தைப் பூச்செடி மறைக்கிறது, வேலி முன்னால் நகர்ந்துவிட்டது, பிச்சைக்காரரைக் காணவே காணோம். வெளிநாட்டுத் தலைவர் வந்தால் நம் நகரங்களில் பச்சைத் துணி கட்டுகிறார்களே, அந்தக் கலைக்கு இவரே குருநாதர்.

அடுத்து, சொன்னேனே கேட் ஏறிக் குதித்தவர் என்று: ஜோசப் பாக்ஸ்டன். அவர் வேலையைத் தொடங்கியதே பொய்யில். லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தில் சேரும்போது வயதை இரண்டு வருஷம் கூட்டிச் சொன்னார். நம் ஊரில் வயதைக் குறைத்துத்தான் பழக்கம். இது புது மாதிரி. சங்கத்துத் தோட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் டெவன்ஷர் பிரபு. பிரபுவுக்குக் காது மந்தம். இந்தப் பையன் தெளிவாகப் பேசினான், அவருக்குப் புரிந்தது. உடனே சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர் பதவி! இன்டர்வியூவில் சத்தமாகப் பேசச் சொல்லி அப்பா அம்மா நச்சரிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

1826 மே மாதம். பாக்ஸ்டனுக்கு 22 வயது. காலை நாலரை மணிக்குச் சாட்ஸ்வொர்த் போய்ச் சேர்ந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. கேட் ஏறிக் குதித்தார். தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு வேலையாட்கள் வந்ததும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். நீரூற்றுகளைத் திறந்துவிடச் சொல்லி வேடிக்கை பார்த்தார். பிறகு மாளிகையின் நிர்வாக அம்மாளோடு காலைச் சாப்பாடு. கூடவே அம்மாளின் உறவுக்காரப் பெண் சாரா. பார்த்ததும் இவருக்குக் காதல், அந்தப் பெண்ணுக்கும் காதல். மணி ஒன்பது. பாக்கி வாழ்க்கைக்கு வேண்டியதை எல்லாம் முதல் நாள் லாகின் செய்த நாலரை மணி நேரத்தில் முடித்த ஒரே ஊழியர் இவராகத்தான் இருக்கும்.

அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டு, தோட்டத்துக்குள் பெரிய பெரிய கண்ணாடி வீடுகள் கட்டிப் பழகினார். இது 1850இல் கைகொடுத்தது. லண்டன் ஹைட் பார்க்கில் உலகக் கண்காட்சி. மண்டபத்துக்கு டிசைன் போட்டி. வந்த டிசைன்கள் 240க்கும் மேல். அத்தனையையும் நடுவர் குழு நிராகரித்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தது: தானே ஒரு டிசைன் போட்டது! குழுவில் இருந்தவர்கள் பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட்டுகள், இன்ஜினியர்கள். எல்லோரும் சேர்ந்து பெற்ற குழந்தை, தலைமேல் ராட்சதக் கூண்டு வைத்த ஒரு செங்கல் பூதம். தற்காலிகக் கட்டடம்தான், செங்கல் மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி. கண்காட்சி முடிந்ததும் இடித்துவிடுவார்களாம்.

அந்த ஜூன் மாதம் பாக்ஸ்டன் ரயில்வே கம்பெனி கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஊழியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை விசாரணை. போர்டு மீட்டிங்கில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்; முன்னால் இருந்த மை ஒற்றும் தாளில் கிறுக்கினார். மற்றவர்கள் பூ வரைவார்கள், பசு வரைவார்கள். இவர் கிறுக்கியது கிரிஸ்டல் பேலஸ். இரும்புச் சட்டமும், ஏறத்தாழ 3,00,000 கண்ணாடிப் பலகைகளுமாக, ஹைட் பார்க்கின் பெரிய மரங்களை வெட்டாமல் உள்ளேயே வைத்துக் கட்டி, 1851 மே மாதம் திறந்தும்விட்டார்கள். கட்டியவர் ஆர்க்கிடெக்ட் இல்லையே, தோட்டக்காரர் அல்லவா என்று முணுமுணுத்தவர்கள் முணுமுணுக்க, மகாராணி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். அந்த மை ஒற்றும் தாள் இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. விசாரணைக்கு உட்பட்ட அந்த ரயில்வே ஊழியர் என்ன ஆனார் என்று யாருக்கும் கவலையில்லை.

அட்லாண்டிக்கைத் தாண்டினாலும் கதை மாறவில்லை. ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரின் தந்தை. தந்தையின் தந்தைதான் பாவம், பிள்ளைக்காகச் செக் எழுதியே ஓய்ந்தார். ஏதோ விஷச்செடி பட்டுக் கண் கெட்டதால் காலேஜ் தடைபட்டது. கப்பலேறிச் சீனா போனார், நோயோடு திரும்பினார். விவசாயம் பார்த்தார். பத்திரிகைக்கு எழுதினார், அது நன்றாக வந்தது. பதிப்பகத்தில் பங்குதாரர் ஆனார், பதிப்பகம் திவாலானது. 35 வயதில் நியூயார்க்கில் புதிதாக வரப்போகும் சென்ட்ரல் பார்க்குக்கு மேஸ்திரி மாதிரி ஒரு மேற்பார்வையாளர் வேலையில் ஒட்டிக்கொண்டார்.

பார்க்குக்கு டிசைன் போட்டி வந்தது. கால்வர்ட் வாக்ஸ் என்ற நிஜமான ஆர்க்கிடெக்ட், "நிலம் உங்களுக்கு அத்துப்படி, கோடு எனக்கு அத்துப்படி, சேர்ந்து போடலாமா?" என்ற ரீதியில் ஓம்ஸ்டெட்டை அணுகினார். பகலில் வேலை, ராத்திரி நிலா வெளிச்சத்தில் சைட் விசிட், பிறகு வாக்ஸ் வீட்டில் வரைபடம். பார்க் என்றால் புல் இருக்கும். புல் என்றால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். பத்தடி நீள வரைபடத்தில் எத்தனை ஆயிரம் புள்ளி! ஆகவே வாக்ஸ் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வரும் விருந்தாளிகள் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, அந்த மூலையில் கொஞ்சம் புல் வைத்துவிட்டுப் போங்கள் என்பார்கள். சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி ஜூனியரை அழைத்து "மரத்துக்கு மட்டும் ஹேட்ச் போட்டுடுடா" என்கிற சீனியர்கள் குற்ற உணர்ச்சியை விட்டுவிடலாம். சென்ட்ரல் பார்க்கே அப்படித்தான் முளைத்தது.

1858இல் மொத்தம் 33 டிசைன்கள். ஒன்றில் ஒரு பிரமிடு மட்டும் வரைந்து, விளக்கம் எதுவும் இல்லாமல் அனுப்பியிருந்தார்கள். அந்த மாணவனை நாம் எல்லோரும் காலேஜில் பார்த்திருக்கிறோம். 33ஆவதாக, கடைசியாக உள்ளே வந்த டிசைன் வாக்ஸ் - ஓம்ஸ்டெட் டிசைன். ரெப்டனின் 'பிஃபோர் - ஆஃப்டர்' தந்திரத்தையும் சேர்த்திருந்தார்கள். 2,000 டாலர் முதல் பரிசு.

அடுத்து நடந்ததுதான் அற்புதம். கட்டடம் கட்டவே தெரியாத ஓம்ஸ்டெட்டுக்கு 'ஆர்க்கிடெக்ட் இன் சீஃப்' என்று பதவி. ஆர்க்கிடெக்ட்டான வாக்ஸ் அவருக்கு உதவியாளர்! யோசனை சொல்லி அழைத்து வந்தவர், கோடு போட்டவர், வீட்டில் வந்தவர் போனவருக்கெல்லாம் பேனா சப்ளை செய்தவர், உதவியாளர். வாக்ஸின் ஆதங்கம் கடைசிவரை தீரவில்லை. அந்த அழகான புல்லுக்கு இடம் தருவதற்காகச் சுமார் 1,600 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பினார்கள். அவர்களில் சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பினக் குடும்பங்களும் உண்டு. பரிசு வாங்கிய வரைபடத்தில் அவர்கள் ஒரு புள்ளியாகக்கூட இல்லை.

காலேஜில் உருப்படியாக உட்காராத இந்த மனிதரின் மகன்தான், 1900இல் ஹார்வர்டில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சருக்கென்று முறையான படிப்பைத் தொடங்கி வைத்தார். அப்பா எல்லாக் கோட்டையும் தாண்டி வந்தார். மகன் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைத் திறந்தார்.

இந்த ஆண்கள் எல்லோரும் இப்படி உல்லாசமாகச் சுவரேறிக் குதித்தார்களே, ஒரு பெண் முறைப்படி வாசல் வழியாகப் போனால் என்ன ஆகும்? ஜூலியா மார்கன் போய்ப் பார்த்தார். 1894இல் கலிஃபோர்னியாவில் இன்ஜினியரிங் முடித்தவர். பாரிஸில் 'எகோல் தே போசார்', அந்தக் காலத்து ஆர்க்கிடெக்சரின் ஐஐடி. அங்கே கெடு நாளன்று வரைபடங்களை அள்ளிப்போக ஒரு தள்ளுவண்டி வரும். முடிக்காத மாணவர்கள் வண்டியிலேயே தொற்றிக்கொண்டு, குலுங்கக் குலுங்க வரைந்துகொண்டே போவார்களாம். வண்டியில் ஏறும் முன் ஜூலியாவுக்கு வேறொரு சிக்கல்: கட்டடக்கலைப் பிரிவில் பெண்களையே சேர்ப்பதில்லை.

காத்திருந்தார். கதவு திறந்தது. முதல் தடவை நுழைவுத் தேர்வு எழுதினார், ரேங்க் 42. எடுப்பதோ முதல் 30 பேரை. இரண்டாம் தடவை எழுதினார். பெண் என்பதால் மார்க்கை வேண்டுமென்றே குறைத்தார்கள். மூன்றாம் தடவை எழுதினார். 376 பேரில் 13ஆவது இடம். இனி எந்தச் சாக்கும் கிடைக்காமல் 1898இல் சேர்த்துக்கொண்டார்கள். முப்பது வயதோடு கதவை மூடிவிடுவார்கள் என்பது விதி. கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் தவறுவதற்குள் தாலி கட்டுவது போல, 1902இல் கடைசிக் கட்டத்தில் சான்றிதழைப் பிடித்தார்.

ஊர் திரும்பி ஏகப்பட்ட கட்டடங்கள் கட்டினார். 1919இல் பத்திரிகை அதிபர் வில்லியம் ரண்டால்ஃப் ஹெர்ஸ்ட் வந்தார். மலைமேல் கூடாரம் போட்டுத் தங்கி அலுத்துவிட்டது, வசதியாகச் சின்னதாக ஒன்று கட்ட வேண்டும் என்றார். 'சின்னதாக' என்று ஆரம்பிக்கும் கிளையன்டைக் கண்டால் ஓட வேண்டும் என்று அந்த ஐஐடியில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. அந்தச் சின்ன வேலை 28 வருஷம் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள், ஏக்கர் ஏக்கராகத் தோட்டம், வரிக்குதிரை உள்ளிட்ட ஒரு மிருகக் காட்சி சாலை. ஸ்பெயினிலிருந்து வாங்கிய கூரையைப் பெட்டியில் போட்டு அனுப்பி, இதற்குக் கீழே ஓர் அறை கட்டு என்பார். நீச்சல் குளத்தை மூன்று முறை கட்ட வைத்தார். கோபுரத்தை இடித்து வேறு மாதிரி எழுப்பச் சொன்னார். வழியில் நின்ற பெரிய ஓக் மரத்தை வெட்ட மனசில்லாமல், வேரோடு நகர்த்தி வைக்கச் சொன்னார்.

ஜூலியா வார இறுதிகளில் ராத்திரி ரயிலேறி, பிறகு டாக்ஸி பிடித்து மலையேறி வருவார். ஹெர்ஸ்ட் மாற்றச் சொன்னதை மாற்றுவார். அடுத்த வாரம் மறுபடி வருவார், மறுபடி மாற்றுவார். அமெரிக்க ஆர்க்கிடெக்ட் சங்கத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 2014இல் கிடைத்தது. 1957இல் இறந்தவருக்கு! பாரிஸில் மார்க்கைக் குறைத்தவர்களாவது ரிசல்ட்டைச் சீக்கிரம் வெளியிட்டார்கள்.

இன்னொரு அமெரிக்க ஆர்க்கிடெக்ட், ஃபிராங்க் லாய்ட் ரைட்டை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அவருக்கு அது பிடிக்காது, அதனாலேயே. காலேஜைப் பாதியில் விட்டவர். பிறந்த வருஷம் 1867ஐ 1869 என்று சொல்லி வந்தவர். சம்பளம் கொடுத்த முதலாளி சல்லிவனுக்குத் தெரியாமல் வெளியே வீடு டிசைன் செய்து, பிடிபட்டு வேலையை இழந்தவர். இவரே 1932இல் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தார். மாணவர்கள் ஃபீஸ் கட்ட வேண்டும். கட்டிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும், விறகு வெட்ட வேண்டும், வயலில் வேலை செய்ய வேண்டும், மிச்ச நேரத்தில் அவருக்கு வரைந்து கொடுக்க வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் ஸ்டைபண்ட் தரவில்லை என்று வருந்தும் பிள்ளைகளே, ரைட் உங்களிடம் சமையலுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருப்பார்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிரியமானவர் நம் பக்கத்து வீட்டுக்காரர், ஜெஃப்ரி பவா. 1919இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இலக்கியம், லண்டனில் சட்டம். கொழும்பு திரும்பி வக்கீலாகச் சில காலம் கறுப்புக் கோட்டுக்குள் புழுங்கிப் பார்த்தார். சரிப்படவில்லை. உலகம் சுற்றினார். இத்தாலியில் ஏரிக்கரையில் வில்லா வாங்கி அங்கேயே இருந்துவிட நினைத்தார், நடக்கவில்லை. 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை ரப்பர் தோட்டத்தை வாங்கினார். லுணுகங்கை. இத்தாலி கிடைக்காவிட்டால் என்ன, இத்தாலியை இங்கே கொண்டு வந்துவிடலாம்.

அண்ணன் பெவிஸ் ஏற்கெனவே கொஞ்ச தூரத்தில் ஒரு தோட்டத்தைப் போட்டுப் பிரமாதப்படுத்திக்கொண்டிருந்தார். ஆகவே தம்பியின் ரோஷத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மரத்தை வெட்டு, மேட்டை உடை, வாசலைத் திருப்பு என்று ஆரம்பித்தார். மனசுக்குள் படம் படமாக ஓடுகிறது; ஆனால் எதைத் தொட்டாலும் எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை. இவ்வளவு ஆசை இருந்தால் முறையாக ஆர்க்கிடெக்சர் படியேன் என்றார் உறவுக்காரப் பெண் ஒருவர். நல்ல யோசனை. படித்துவிட்டால் மேட்டை அடுத்தவர் செலவில் உடைக்கலாம்.

முதலில் கொழும்பில் ரீட் என்ற ஆர்க்கிடெக்ட்டிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அடுத்த வருஷமே ரீட் காலமானார். பிறகு லண்டனில் ஏ.ஏ. என்கிற ஆர்க்கிடெக்சர் பள்ளி. கூடப் படித்தவர்கள் இருபது வயதுப் பிள்ளைகள். இவருக்கு முப்பத்தைந்து, ஆளும் ஆறடிக்கு மேல் நல்ல உயரம். பாரிஸ்டருக்குப் படித்தவர் வேறு. அப்படிப்பட்டவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட ஆசிரியர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. 1957இல், 38 வயதில் பாஸ்.

அதன் பிறகு கொழும்பும் கோட்டே நாடாளுமன்றமும் கந்தளமை ஓட்டலுமாக அவர் கட்டியதெல்லாம் ஊரறிந்த கதை. சென்னை கன்னிமாரா ஓட்டலிலும் அவர் கை பட்டிருக்கிறது, மதுரை கிளப்பிலும். கந்தளமையில் கட்டடத்தின் மேல் செடிகொடி ஏறிக் காடு மூடிவிட வேண்டும் என்றே கட்டினார். வான்பரோவின் பாலத்தை மூழ்கடிக்க ஒரு பிரவுன் வர வேண்டியிருந்தது; பவா அந்த வேலையையும் தானே பார்த்துக்கொண்டார்.

ஆனால் வெளியூரில் எது கட்டினாலும் வார இறுதியானால் லுணுகங்கைதான். ஐம்பது வருஷம் விடாமல் அதையே நோண்டினார். எதிரே இருந்த குன்று ஏரியை மறைத்தது; குன்றின் தலையைச் சீவி இறக்கினார். நடுவே ஊர்ப் பாதை ஒன்று போனது. அதைப் பள்ளத்தில் மறைத்து, மேலே இருந்து பார்த்தால் ஒரே புல்வெளியாகத் தெரியும்படி செய்தார். இது பிரவுன் காலத்து இங்கிலீஷ் பிரபுக்களின் பழைய தந்திரம். ஈழத்தலரி மரத்தின் கிளைகள் தன்னிஷ்டத்துக்கு வளர்ந்தன. அவற்றில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, தன்னிஷ்டத்துக்கு வளைத்தார். பார்ப்பவர்கள் "ஆகா, எவ்வளவு இயற்கையாக இருக்கிறது" என்பார்கள்.

தோட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அவர் உட்காரும் இடங்கள். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஏரியைப் பார்த்துக் குடிக்க இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு மணி தொங்கும், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சத்தம். எஜமானர் மணியடித்தால், வேலையாள் அது எந்த மணி என்று காதாலேயே கண்டுபிடித்து, டிரேயோடு அந்தத் திசையில் போக வேண்டும். தோட்டமோ பெரிது, படிக்கட்டு, சரிவு, வளைவு எல்லாம் எஜமானர் ரசித்து ரசித்து வைத்தவை. டீ மட்டும் சூடு ஆறாமல் போய்ச் சேர வேண்டும்.